ஏழாங்கட்டைத் தோட்டத்தின் ஐந்தாவது கிணறு

மாலை ஏழேகால். வெளிச்சம் போயும் போகாத நேரம். பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதை… இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். ஏழு கட்டை, அதாவது ஏழு மைல் தூரத்துக்கு ஒரு வீடு இல்லை. ஒரு விளக்கு இல்லை.

நம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது; தண்ணீர் லோரி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கி… ஆங், அப்படி. இது நான் கட்டிய கதை இல்லை. நம் ஷாமினியின் சின்ன மாமா குணாளனுக்கு, போன வருடம் நடந்தது. ஷாமினி இதோ இருக்கிறாள். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் அவளே என்னைத் தடுக்கட்டும்.

குணாளன் கோலா கிளாவாங்காரர். நாற்பத்தெட்டு வயது. அவருடைய தொழில் பழைய கிணறுகளை மூடுவது. சொந்தமாக ஒரு லோரி, ஒரு தூக்குக்கம்பி இயந்திரம், சித்திக் என்று ஒரு கூட்டாளி. அவ்வளவுதான் கம்பெனி. நாலு லோரி குப்பையைக் கொட்டி மேலே ஒரு பலகையைப் போட்டால் கிணறு மூடியாயிற்று என்று நினைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. முகத்துக்கு நேரே திட்டிவிடுவார். கிணறு பூமியின் திறந்த வாய். அதில் எதைப் போட்டாலும் போட்ட இடத்தில் நிற்காது. அடித்தண்ணீரோடு நகரும். ஒரு கட்டை தள்ளி இன்னொருத்தர் வீட்டுச் சோற்றுப் பானையில் எழும்பும். அதனால் உள்ளே கிடப்பதை எல்லாம் முதலில் எடுக்க வேண்டும். தண்ணீரை இறைத்து, குளோரின் போட்டு, சுத்தமான மணலைத் தண்ணீர் மட்டம் வரை இறக்கி, அதற்கு மேல் ஈரம் பட்டால் ஊதி இறுகுகிற களிமண்… கடைசியில்தான் கொங்கிரீட். இதில் ஒரு படியைக் கூட அவர் தாண்டியதில்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்தில்தான் முதல் முறை தாண்டினார்.

அந்தத் தோட்டம் மூடிப் பல வருடம். லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். ஆனால் போக்கிடம் இல்லாத இருபத்திரண்டு குடும்பம் சரிவுக்குக் கீழே இன்னும் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வரும், வரும் என்று முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். வரவில்லை. ஒரே ஒரு குழாய்க் கிணறு. அதைத்தான் குடித்தார்கள். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண். பெரியவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி. யாரோ ஒருவர் விடாமல் எழுதிப் போட்டு, ஒருவழியாகத் தண்ணீரைச் சோதித்தால்… களைக்கொல்லி. புல்லைக் கருக்குகிற மருந்து. அதை வருடக்கணக்காகக் குழந்தைக்குப் பால் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் நிலம் வைத்திருக்கும் கம்பெனிக்கு உத்தரவு. தோட்டத்தில் கைவிட்ட கிணறு எல்லாவற்றையும் முறைப்படி மூடு என்று. குணாளனைக் கூப்பிட்டார்கள். கிணறு எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு வீரமுத்து என்பவரை அனுப்பினார்கள். எழுபத்து நாலு வயது. அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தோட்ட மேனேஜர் துரைக்கு அடுத்து அவர்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை.

“நாலு கெணறு. நாலே நாலுதான். எனக்குத் தெரியாம இந்த எஸ்டேட்ல அஞ்சாவது கெடையாது தம்பி,” என்றார்.

நாலையும் மூடினார்கள். நாலிலும் மருந்து வாடையே இல்லை. அப்போதே குணாளனுக்கு உறுத்தியது. பின்னே கீழே குடித்தவர்கள் வயிற்றுக்குள் அது எங்கிருந்து போயிற்று?

அந்த யோசனையோடுதான் ஏழேகால் மணிக்கு லோரியைப் பெடாஸ் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார். தனியாக. சித்திக் சாமான் வாங்க முன்னாலேயே பெடாஸ் போய்விட்டார்.

முன்னால் ஒரு பெண் நடந்து போனாள்.

ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை. கைலி. தலையைச் சுற்றித் துண்டு. முதுகில் மருந்துப் பம்பு. அந்தக் காலத்தில் களைக்கு மருந்து அடிக்கும் பெண்கள் சுமந்து போவார்களே, அது. வார் இரண்டும் தோளில் அழுந்தி, பம்பின் கனத்தில் சற்றுக் குனிந்து, அவசரமே இல்லாமல் நடந்தாள். லோரி வெளிச்சம் மேலே பட்டது. தலை முதல் கால் வரை தெப்பலாக நனைந்திருந்தாள். பத்து நாளாக மழை இல்லை. சொட்டுச் சொட்டாக அவள் மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தது… ஆனால் அவள் நடந்த இடத்தில் புழுதி நனையவில்லை.

அதை அவர் அப்புறம்தான் யோசித்தார். அந்த நிமிடம் பாவம் யாரோ என்று நினைத்து லோரியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“அம்மா, இந்நேரத்துக்கு எங்க போறீங்க? ஏறிக்குங்க லா. போற எடத்துல விட்டுடுறேன்.”

அவள் திரும்பவில்லை.

“இன்னும் ஒன்னு இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். குரல் முன்னாலிருந்து வரவில்லை. முதுகிலிருந்த பம்புக்குள்ளிருந்து வந்தது போல… மூடின தகரத்துக்குள் யாரோ வாயை வைத்துப் பேசுவது போல இருந்தது. வலது கையைத் தூக்கி இடது பக்கச் செம்பனைகளைக் காட்டினாள். பிறகு அந்தப் பக்கமாகவே இறங்கினாள். காய்ந்த மட்டை அவ்வளவு கிடந்தது. ஒன்று கூட நொறுங்கவில்லை.

வாடை மட்டும் நின்றது. மூக்கை விட நாக்கில் அதிகம் தெரிந்தது. கசப்பு. பெடாஸ் போய் மூன்று முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

பயம் இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது என்று அவரே சொன்னார். ஆனாலும் மறுநாள் காலை சித்திக்கோடு அதே இடத்துக்குப் போனார். பாதையிலிருந்து எண்பது, தொண்ணூறு அடி உள்ளே. கொடி மண்டிக் கிடந்தது. வெட்டி விலக்கினால்… தகரம். தகரத்துக்கு அடியில் தண்டவாளக் கட்டைகள். அதற்கு அடியில் ஒரு கொங்கிரீட் பலகை. வேலையை அறிந்தவன் போட்டது இல்லை அது. ராத்திரியோடு ராத்திரியாக, கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துப் போட்டு மூடியது.

தூக்குக்கம்பியால் பலகையைத் தூக்கினார்கள். கீழேயிருந்து வந்த வாடையில் சித்திக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அல்லாஹ்… இதான் லா குணா. இதான் கீழ போற வெசம்.”

குணாளன் அளவுக் கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினார். பதினெட்டு அடியில் தண்ணீர். நாற்பத்திரண்டு அடியில் தரை.

வீரமுத்துவுக்கு எப்படித் தெரிந்ததோ, பத்து மணிக்கெல்லாம் வந்து நின்றார். கிணற்றைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே பேசினார்.

“இது கெணறு இல்ல தம்பி. குப்பைக் குழி. மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போங்க.”

“அன்னைக்கு நாலுதான்னு சொன்னீங்களே ஐயா?”

“கெணறு நாலுன்னு சொன்னேன்.”

“உள்ள என்னா கெடக்கு?”

“ஒன்னும் கெடக்கல. தண்ணிதான்.”

“வாடை அடிக்குதே ஐயா. இறைச்சு, உள்ள இருக்கிறத எடுத்துட்டுத்தான் மூடணும்.”

வீரமுத்து கைப்பேசியை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். ஐந்து நிமிடத்தில் குணாளனின் கைப்பேசி அடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிந்தாக வேண்டும், சுத்தப்படுத்த நேரம் இல்லை, மண்ணைப் போடு, படத்தை அனுப்பு. முடியாது என்றால் சொல், வேறு ஆள் இருக்கிறது.

குணாளன் மண்ணைப் போட்டார்.

இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். “பயந்துட்டேன், வேலை போயிடும்னு பயந்துட்டேன்,” என்பார்.

ஒரு லோரி மணல் அந்தக் கிணற்றில் நாலடியாவது ஏற வேண்டும். மூன்று லோரி சரித்தார்கள். மணல் போனது… சத்தம் இல்லை. தண்ணீரில் விழுகிற ‘சளக்’ இல்லை, சுவரில் உரசுகிற ‘சர்ர்’ இல்லை. மெத்தையில் விழுவது போல, யாரோ கீழே விரித்துப் பிடித்து வாங்கிக்கொள்வது போல.

அளந்தார்கள். நாற்பத்திரண்டு.

“கயிறு சுருண்டிருக்கும்,” என்றார் சித்திக். மறுபடி இறக்கினார்கள். நாற்பத்திரண்டு. தண்ணீர் பதினெட்டடியில் அப்படியே நின்றது. ஒரு விரல் கூட ஏறவில்லை. அந்திக்குள் இன்னும் இரண்டு லோரி. ஐந்து லோரி மணல்… நாற்பத்திரண்டு.

சித்திக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “இது வேணாங்குது குணா. நீ போடுறதை இது வேணாங்குது.”

அன்று சாயங்காலமே குணாளன் கீழ்க் குடியிருப்புக்கு நடந்து போனார். பொதுத் தொட்டியருகே பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடிக்க இல்லை, துணி துவைக்க. குடிக்க வெளியிலிருந்து போத்தல் வாங்குகிறார்கள். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“இங்க மருந்து அடிக்கிற அம்மா யாராச்சும் இருக்காங்களா? முதுகுல பம்பு போட்டுக்கிட்டு…”

“அந்தப் பம்பா? அதெல்லாம் யாருண்ணே இப்பத் தூக்குறா,” என்று சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்கவில்லை. தனலெட்சுமி. முப்பத்தைந்து வயது. செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“எப்படி இருந்தாங்கண்ணே? சட்டை என்னா கலரு?”

“நீலம். முழுக்கை. வலது முழங்கையில கிழிஞ்சு தொங்குச்சு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவளுடைய அம்மா பெயர் பஞ்சாலை. இதே தோட்டத்தில் மருந்து அடித்தவள். தனலெட்சுமிக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒருநாள் வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. லோரி டிரைவர் ஒருத்தனோடு ஜோகூருக்கு ஓடிப்போய்விட்டாள் என்று ஆபீஸில் சொன்னார்கள். பெரிய கிராணியே லயத்துக்கு வந்து சொன்னாராம். எல்லோரும் நம்பினார்கள். அப்பா நம்பினார்… நம்பியே குடித்துச் செத்தார். பள்ளிக்கூடத்தில், கோயிலில், பெண் பார்க்க வந்த இடத்தில், எங்கேயும் இவளுக்குப் பெயர் கிடையாது. ‘ஓடிப்போனவ மக.’

“அது எங்கம்மா சட்டை மாரிதான் இருக்கு. ஆனா அது எங்கம்மாவா இருக்காதுண்ணே,” என்றாள் தனலெட்சுமி.

“ஏம்மா?”

“உங்ககிட்ட பேசுனாங்கன்னு சொல்றீங்களே. எங்கம்மாவுக்குப் பொறந்ததுலேருந்து பேச்சு வராது.”

குணாளன் பக்கத்திலிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா காணாமல் போனதைப் பற்றித் தனலெட்சுமிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டு ராக்கம்மா சாகும் முன்னால் சொல்லிவிட்டுப் போனது. காணாமல் போவதற்கு முதல் நாள், பஞ்சாலை ஒரு காலி மருந்து டின்னை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாளாம். பெரிய கிராணி மேசையில் ‘டங்’கென்று வைத்தாளாம். கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாளாம். குழந்தை தண்ணீர் குடிப்பது போல் சைகை செய்தாளாம். ஆபீஸே சிரித்ததாம்.

அன்று இரவு குணாளன் தூங்கவில்லை. பயத்தில் இல்லை. கோபத்தில். முதல் கோபம் தன் மேலேயே. ஐந்து லோரி மணலைக் கொட்டினோமே என்று.

மறுநாள் கம்பெனிக்குச் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. இரண்டு மோட்டார் பம்பு வாடகைக்கு எடுத்து, இறைத்த தண்ணீரை நிலத்தில் விடாமல் தொட்டி லோரியில் ஏற்றினார். தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் அடி தெரிந்தது. மெழுகுவர்த்தியை இறக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். எரிந்தது. குணாளன் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே தூக்குக்கம்பியைச் சித்திக் பிடித்திருந்தார். தனலெட்சுமி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கிணற்றோரம் நின்றாள். போ என்று யாரும் சொல்லவில்லை.

கீழே, அவர்கள் போட்ட மணலில் ஒரு கைப்பிடி கூட இல்லை.

டிரம்கள் கிடந்தன. துருப்பிடித்து, பிளந்து, ஒன்றின் மேல் ஒன்றாக. களைக்கொல்லி டிரம். பதினொன்று. அடித்தண்ணீர் ஊறுகிற கண் நேராக அவற்றின் அடியில்தான் இருந்தது. அந்த டிரம்களுக்கு மேல், சுவரில் சாய்ந்தபடி, காலை மடித்து… உட்கார்ந்திருந்தாள்.

எலும்புதான். ஆனால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தோளிலும் வார் மாட்டியபடி. முதுகில் பம்பு. ஜோகூருக்கு ஓடிப்போகிறவள் முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டா போவாள்?

குணாளன் கயிற்றை இரண்டு முறை அசைத்தார். மேலே வந்தார்.  தனலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்தாள்.  மண்ணில் அப்படியே குந்தி, இரண்டு கையாலும் தரையை அறைந்தாள். திரும்பத் திரும்ப அறைந்தாள்.

போலீஸ் வந்தது. அவர்களுக்குப் பின்னாலேயே வீரமுத்துவும் வந்தார். நேரே குணாளனிடம்தான் பாய்ந்தார்.

“யாரைக் கேட்டு நீ தொறந்தே? மூடுன்னுதானே சொன்னாங்க!”

“இது யாருன்னு தெரியுதா உங்களுக்கு?” என்றார் குணாளன்.

“எனக்கென்னா தெரியும்? வழுக்கி விழுந்துருப்பா. ராத்திரியில யாரு கண்டா? மறுநாளு இன்ஸ்பெக்சன், துரை மருந்து ஸ்டோரைக் காலி பண்ணச் சொன்னாரு. நாங்க டிரம்மைத் தள்ளுறோம், இவ வந்து குறுக்க குறுக்க நிக்கிறா. நாங்களா தள்ளுனோம்? கத்தியிருந்தா தூக்கியிருப்போம்ல!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயை மூடினார். 

தனலெட்சுமி எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“கத்தியிருந்தாவா? எங்கம்மாவுக்கு வாய் கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா? செக்ரோல் பேரேட்டுல ‘ஊமைச்சி’ன்னு எழுதி வச்சவனே நீதானே?”

அவர் பின்னால் நகர்ந்தார். அவள் விடவில்லை.

“சொல்லு. விழுந்த ஒடனே செத்துட்டாங்களா?”

“எனக்குத் தெரியாது.”

“சொல்லு!”

“அந்த வருசம் நல்ல வெயிலு. உள்ள இடுப்பளவுதான் தண்ணி…” கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். “தட்டிக்கிட்டே இருந்தா. சுவத்துல. துரை மூடச் சொன்னாரு… மூடுனோம். மூடுனப்புறமும் கேட்டுச்சு. மூணு நாளு கேட்டுச்சு.”

சித்திக் ஓடிப்போய்க் குணாளனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடிக்காவிட்டால் அன்று அங்கே இன்னொரு பிணம் விழுந்திருக்கும்.

நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. கிராணி ஜெயிலுக்குப் போயிருப்பார் என்றுதானே? போகவில்லை. வக்கீல் வந்தார். வயதானவர், ஞாபகம் தடுமாறுகிறது, அதிர்ச்சியில் ஏதோ உளறிவிட்டார் என்று ஒரு டாக்டர் கடிதம் வந்தது. துரை இறந்து பதினைந்து வருடம். கூட இருந்த மேஸ்திரி மண்டோரும் உயிரோடு இல்லை. மூன்று மாதத்தில் வழக்குக் கோப்பை மூடினார்கள். மேல் நடவடிக்கை இல்லை. தனலெட்சுமிக்கு ஒரு பக்கக் கடிதம். அதிலும் அம்மா பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

கிணற்றைக் குணாளன் மூடினார். கம்பெனி வேறு ஆள் போடுகிறேன் என்றது. போட்டுப் பார், பத்திரிகைக்குப் போகிறேன் என்றார். டிரம் பதினொன்றையும் முறைப்படி எடுத்து அனுப்பினார். சேற்றை வழித்தார். சுவரைத் தேய்த்துக் கழுவினார். குளோரின், மணல், களிமண். இந்த முறை ஒரு லோரிக்கு நாலடி, சரியாக ஏறியது. மேல் வளையத்தை மூன்றடி உடைத்தெடுத்துக் கொங்கிரீட் போட்டார். ஈரம் காய்வதற்குள் தனலெட்சுமி ஒரு குச்சியை எடுத்து அதில் அம்மா பெயரை எழுதினாள். தப்பில்லாமல். எலும்புகளை எரித்து, சாம்பலைப் போட்டிக்சன் கடலில் கரைத்தார்கள். குடியிருப்பு மொத்தமும் வந்தது. அவளை ‘ஓடிப்போனவ மக’ என்று கூப்பிட்டவர்களும் வந்தார்கள். அவள் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

இதோடு முடிந்தது என்றுதான் குணாளன் நினைத்தார்.

கோப்பை மூடிய மறுமாதம். பிற்பகல் மூன்று மணி. கைப்பேசி அடித்தது. வீரமுத்து.

“தம்பி… ஒரு கெணறு மூடணும்.”

“எங்க?”

“என் வீட்டுல. இன்னைக்கே வா தம்பி. வேற யாருக்கும் இந்த வேலை தெரியாது.”

குணாளன் போனார். வேலைக்காக இல்லை. சித்திக் பிடித்து நிறுத்தியதில் நெஞ்சுக்குள் நின்றுபோன வார்த்தைகள் கொஞ்சம் இருந்தன. அவற்றை அந்த ஆளின் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டு வரலாம் என்று போனார். சிரம்பானில் ஓர் அடுக்குமாடி. படியேறினார். ஒன்று, இரண்டு… மூன்றாவது மாடி. அங்கே நின்றுதான் அவருக்கு உறைத்தது. மூன்றாவது மாடியில் ஏது கிணறு?

கதவு திறந்திருந்தது. வீரமுத்து அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டம் போட்ட கைலி. மேலே சட்டை இல்லை. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தார். கையில் உளி, சுத்தியல் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் நாலு டைல்கள் பெயர்ந்து கிடந்தன. நடுவில் ஓட்டை. சாப்பாட்டுத் தட்டு அகலம்.

“நேத்து இது கிண்ணம் அளவுதான் இருந்துச்சு,” என்றார். “மூடிடு தம்பி.”

குணாளன் கொட்ட வந்ததை மறந்தார். குனிந்து பார்த்தார். கம்பி இல்லை, சிமெண்ட் இல்லை. ஓட்டையின் விளிம்பு மண். சிவப்பு மண். வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து அவர் முகத்தில் பட்டது.

அவர் எழுந்து ஒரே ஓட்டமாகக் கீழே இறங்கினார். நேர் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். ஒரு மலாய்க்கார அக்கா கரண்டியோடு வந்து திறந்தார். மேலே தண்ணீர் ஒழுகுகிறது, உங்கள் கூரையைப் பார்க்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி உள்ளே போனார். அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தார். வெள்ளைச் சாயம். காற்றாடி சுற்றியது. ஒரு விரிசல் இல்லை. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மறுபடி மேலே ஓடினார். மொத்தம் மூன்று நிமிடம் கூட ஆகியிருக்காது.

அடுப்படியில் யாரும் இல்லை. தரையில் ஓட்டையும் இல்லை. நாலு டைலும் அதனதன் இடத்தில், கீறல் இல்லாமல், இடைவெளியில் பழைய சிமெண்ட் அழுக்கேறி, பத்து வருடமாக யாரும் தொடாதது போல இருந்தன. வீடு முழுக்கத் தேடினார். படுக்கையறை, குளியலறை. சன்னல் எல்லாம் இரும்புக் கம்பி. படியில் அவரைத் தாண்டி யாரும் இறங்கவில்லை.

திரும்ப அடுப்படிக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. இரண்டு டைலுக்கு நடுவே, சிமெண்ட்டைக் கிழித்துக்கொண்டு முளைத்தது போல… ஒரு சாண் துணி. கட்டம் போட்ட கைலியின் நுனி.

குணாளன் மண்டியிட்டு அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். வரவில்லை. கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

அப்போது டைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக… யாரோ அதை இழுத்துக்கொண்டார்கள்.